திருவாதிரைக்கு யாரும் லேசர் அனுப்பவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த நட்சத்திரக் கட்டுரையை என் பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'விஞ்ஞானிகள் லேசர் ஒளியைத் திருவாதிரைக்கு அனுப்பி, அது திரும்பி வர ஆன நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கண்டுபிடித்தார்கள்' என்ற இடத்தில், "நில்லு, அதை இன்னொரு தடவை படி" என்றேன். படித்தாள். அப்படியேதான் அச்சாகியிருக்கிறது.

திருவாதிரையின் தூரத்தில் இன்னும் இழுபறி உண்டு. 500 முதல் 700 ஒளியாண்டு வரை சொல்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒளி போக 500 ஆண்டு, வர 500 ஆண்டு. தஞ்சையில் ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது யாராவது விளக்கடித்திருந்தால்தான் நம் காலத்தில் பதில் வரும். 700 என்றால் மகேந்திரவர்ம பல்லவனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதுவும், திருப்பி அனுப்ப அங்கே ஏதாவது கண்ணாடி இருந்தால்.

நான் 34 வருடம் சர்வேயராக இருந்தவன். ஒளியை அனுப்பி அளப்பது எனக்குப் புராணக் கதை அல்ல. வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கொடுத்தது 20 மீட்டர் இரும்புச் செயின். வெயிலில் நீளும், முள்ளுக்காட்டில் சிக்கும், இழுக்கும் ஆளின் கோபத்துக்குத் தக்கபடி அளவும் மாறும். ஒருமுறை ஒரு கண்மாயின் இரு கரைக்கும் இடையே அளக்க வேண்டியிருந்தது. கண்மாயில் கழுத்தளவு தண்ணீர். அப்போதுதான் எங்களுக்கு, ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வந்திருந்தது. எதிர்க்கரையில் செயின்மேன், ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் மாட்டிய கம்பைப் பிடித்து நிற்க, நான் பொத்தானை அழுத்தினேன். 412.386 மீட்டர் என்று திரையில் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி 825 மீட்டர் போய் வந்த நேரம், ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்குகூட இல்லை. (சரியாகச் சொன்னால், கருவி அந்த நேரத்தை நேராக எண்ணுவதில்லை. ஒளியில் ஏற்றிய அலை திரும்பும்போது எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று பார்க்கிறது. காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.) செயின்மேன் அன்று முழுக்க நம்பவே இல்லை. தண்ணீர் வற்றியதும் செயின் போட்டுப் பார்ப்போம் என்றார்.

அந்தப் பிரிசத்தின் அண்ணன் தம்பிகள்தான் நிலாவில் இருக்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் முக்குக் கண்ணாடிகள். 1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் 100 கண்ணாடிகள் கொண்ட தட்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள். பின்னால் அப்போலோ 14, 15-ம், ரஷ்யாவின் இரண்டு லூனாகோட் வண்டிகளும் ஆளுக்கொன்று கொண்டுபோயின. இங்கிருந்து விடும் லேசர், போய்ச் சேர்வதற்குள் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். திரும்பி வருவது அதில் துளியிலும் துளி. இருந்தும் ஒளி போய் வரும் அந்த இரண்டரை விநாடியை வைத்து, நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். நம் சந்திரயான்-3 இறங்குகலத்திலும் நாசா கொடுத்த எட்டுக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் நிலாவைச் சுற்றும் அமெரிக்க விண்கலம் ஒன்று லேசர் விட்டு அதனிடம் பதில் வாங்கியது.

நிலாவைத் தாண்டினால் ரேடியோ அலை. அதுவும் ஒளியின் வேகத்தில்தான் போகும். 1961-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து வெள்ளிக் கோளுக்கு அலை அனுப்பி, ஐந்தாறு நிமிடம் கழித்து எதிரொலியைப் பிடித்தார்கள். சூரியனில் மோதவிட்டுத் துல்லியமான தூரம் வாங்க முடியாது. கெட்டியான தரை கிடையாது, போதாக்குறைக்கு அதுவே ரேடியோ இரைச்சல். ஆனால் சூரியனிலிருந்து கோள்களின் தூர விகிதம் கெப்ளர் காலத்திலிருந்தே தெரியும். வெள்ளியின் தூரம் கிலோமீட்டரில் கிடைத்ததும் சூரியனின் தூரமும் கிடைத்துவிட்டது: கிட்டத்தட்ட 14 கோடியே 96 லட்சம் கி.மீ.

சரி, நட்சத்திரத்துக்கு என்ன செய்தார்கள்? எங்கள் வேலையைத்தான் செய்தார்கள். போக முடியாத மலைமுகட்டை நாங்கள் எப்படி அளப்போம்? தரையில் அடிக்கோடு என்று ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்து, அதன் இரு முனையிலிருந்தும் முகட்டின் கோணத்தைப் பார்ப்போம். 1802-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் உருக்குச் செயினால் ஏழரை மைல் அடிக்கோடு போட்டு இந்திய அளவையைத் தொடங்கியதும் இப்படித்தான். நட்சத்திரத்துக்கு அடிக்கோடு, சூரியனைச் சுற்றும் பூமியின் பாதை. ஜனவரியில் ஒரு முனை, ஜூலையில் மறுமுனை, நடுவே 30 கோடி கி.மீ. 1838-ல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு இப்படிக் கண்ட கோணம் ஒரு செகண்டில் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. நான் பழகிய தியோடலைட் என்ற கோணமானி 20 செகண்டுக்குக் கீழே படிக்கவே படிக்காது! அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

கட்டுரையாளர் எங்கே வழுக்கியிருப்பார் என்று புரிகிறது. ஒளியை அனுப்பி அளந்தது அந்த அடிக்கோட்டைத்தான். அதற்கு மேல் கோணக் கணக்கு. வந்த விடையைக் கிலோமீட்டரில் எழுதினால் தாளை அடைத்துக்கொள்ளும் என்பதால், ஒளி ஒரு வருடத்தில் ஓடும் 9.46 லட்சம் கோடி கி.மீ.யை ஒரு முழமாக வைத்துக்கொண்டார்கள். பேரில் ஆண்டு இருப்பதால் அது காலமாகிவிடாது. அதே பக்கத்தில் 'பல ஒளியாண்டுகளுக்கு முன் வெடித்த' என்று ஒரு தலைப்பும் போட்டிருக்கிறீர்கள். 'பல கிலோமீட்டருக்கு முன் பிறந்தவர்' என்று யாராவது எழுதுவார்களா?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒளியின் நேரம் நட்சத்திர தூரத்துக்கு உதவிய இடமும் உண்டு. 1987 பிப்ரவரியில், பக்கத்துச் சிறு நட்சத்திரக் கூட்டமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததைப் பார்த்தார்கள். அதைச் சுற்றி முன்பே ஒரு வாயு வளையம் இருந்தது. சாய்ந்த வளையம் என்பதால் நம் பக்கத்து விளிம்பு சுமார் 80 நாளிலும், அந்தப் பக்க விளிம்பு சுமார் 400 நாளிலும் வெளிச்சம் பெற்றதாக நமக்குத் தெரிந்தது. இரண்டின் சராசரி 240. வளையத்தின் ஆரம் 240 நாள் ஒளி ஓடும் தூரம். வானில் அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதை ஹபிள் தொலைநோக்கி காட்டிவிட்டது. அகலமும் கோணமும் கையில் இருந்தால் தூரம் தானாக வரும்: கிட்டத்தட்ட 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு. இங்கும் யாரும் எதையும் அனுப்பவில்லை. வெடித்த நட்சத்திரமே விளக்கைப் போட்டுக் கொடுத்தது.

லேசர் வரிக்கு மட்டுமாவது திருத்தம் வெளியிடுங்கள். பேத்தி அந்தக் கட்டுரையை வெட்டி அறிவியல் நோட்டில் ஒட்டிவிட்டாள். நான் பக்கத்தில் பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு, "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்வேயர்,
ஒட்டன்சத்திரம்.