கணேசனுக்கு, அப்பாவின் துப்பாக்கி பற்றி

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் இத்தனை தாமதம். போன வியாழக்கிழமை உன் அண்ணன் மகன் பிரகாஷ் வந்து என்னை டீலர் கடைக்கு அழைத்துப் போனான். லைசன்ஸ் இப்போது அவன் பெயரில் இருப்பதால் சிக்கல் எதுவும் இல்லை. பெட்டகத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள். இத்தனை வருடம் இந்தத் துப்பாக்கி வேலையில் கிடந்தவன் நான், ஆனாலும் அதைத் தொட்டதும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நிபோங் தெபால் தோட்டத்தில் உன் அப்பா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வருவதை நாம் இருவரும் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமே.

நீ கேட்டது, காசு செலவழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாமா என்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுடுவதற்காக அதைச் சரிசெய்ய வேண்டாம். மரக் கட்டையைச் செப்பனிட்டு, துரு மேலும் பரவாமல் நிறுத்தி வைத்தால் போதும். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிரகாஷுக்கு இதில் வருத்தம்.

முதலில் அது என்ன துப்பாக்கி என்று பார்த்தேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த பன்னிரண்டு போர் (குழல் அகலத்தின் அளவு) இரட்டைக்குழல், சுடும் விசையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிய பாக்ஸ்லாக் வகை. பெயர் பொறித்த இடம் தேய்ந்துபோய்விட்டது. ஆனால் குழல்களைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் முத்திரைகள் தெளிவாக இருக்கின்றன. பர்மிங்காமில் 1813 முதல் ஒரு பரிசோதனைச் சாலை இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை குத்துவார்கள். இதில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம் என்றும், ஈய ரவையின் எடை ஒன்றும் எட்டில் ஒன்றும் அவுன்ஸ் என்றும் பொறித்திருக்கிறது. அப்படிப் பொறிக்கும் வழக்கம் 1925இலிருந்து 1954 வரை இருந்தது. ஆக, இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வந்த தோட்டத் துரை விட்டுப்போனது என்று உங்கள் வீட்டில் சொல்வது சரியாகவே இருக்கலாம். மலாயா அவசரகாலத்தில் உன் அப்பா கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் தலைமாட்டில் வைத்துப் படுத்ததும் இதுதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பார்த்தவுடன் பயமுறுத்துவது எதுவோ அது உண்மையில் பெரிய குறை இல்லை. கட்டை பிடியில் வெடித்து, செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. முன்கட்டையில் ஒரு சில்லு போய்விட்டது. வெளியெல்லாம் செந்துரு. இதெல்லாம் மரவேலைக்காரருக்கும் எண்ணெய்க்கும் அடங்கும். இடது குழலின் முன்வாய்ப் பக்கம் ஒரு டொக்கு விழுந்திருக்கிறது, அதையும் உள்ளே அச்சு விட்டுத் தட்டி எடுக்கலாம். குழல்களை விரலில் தொங்கவிட்டு நகக்கண்ணால் தட்டினேன். நல்ல குழல் என்றால் கோயில் மணிபோல் நீளமாக ஒலிக்க வேண்டும். இது கரகரவென்று அடங்கிவிட்டது. இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டியில் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் செலவு ஏறுகிறது.

உயிரான குறை உள்ளே இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது வலது குழல் பரவாயில்லை. இடது குழலில், பின்வாயிலிருந்து ஒரு முழத்துக்குள்ளாகவே, வரிசையாகக் குழிகள். துரு தின்ற குழிகள். கடையில் சுவர்த்தடிப்பு அளக்கும் கருவி இருந்தது. குழி ஆழமான இடத்தில் மிஞ்சியிருக்கும் இரும்பு 0.4 மில்லிமீட்டர். 0.5க்குக் கீழே போனால் துப்பாக்கி வேலை தெரிந்தவர்கள் சுட ஒப்புவதில்லை. அந்தக் குழிகளைத் தேய்த்து எடுத்தால் உள்ளே பளபளக்கும், ஆனால் இரும்பு இன்னும் மெலியும். இதையும் யோசித்துப் பார், சுடும்போது இடது கை பிடிக்கிற இடமும் ஏறக்குறைய அதே இடம்தான். குழல் வெடித்தால் போவது பிரகாஷின் விரல்கள்.

குழிகள் எப்படி வந்தன என்று நீ கேட்பாய். பழைய தோட்டாக்களின் கேப்பில், அதாவது அடியில் தீப்பொறி கொடுக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது ஒருவகை உப்பாகக் குழலில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும். உன் அம்மா கேத்தலில் வெந்நீர் போட்டுத் தர, அப்பா பின்கட்டில் நின்று குழலில் ஊற்றிக் கழுவுவாரே, நினைவிருக்கிறதா? அப்போது நமக்கு வேடிக்கை. அவர் செய்ததுதான் சரியான முறை. அவர் இருந்தவரை துரு உள்ளே வரவில்லை என்று நான் துணிந்து சொல்வேன். நம் ஊர் ஈரத்தில், அதற்குப் பிறகு துணிப்பையில் சுற்றி அலமாரியில் கிடந்த வருடங்கள்தான் இதைத் தின்றிருக்கின்றன.

இன்னொன்று. பிரகாஷ் இன்றைய தோட்டாவை எடுத்து அறையில் போட்டுக் காட்டினான். "பாருங்க மாமா, சரியா உட்காருதே" என்றான். உட்காரும். இன்றைய தோட்டாவில் எழுதியிருக்கும் 70 மில்லிமீட்டர் என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் இதிலுள்ள இரண்டரை அங்குல அறைக்குள்ளும், அதாவது 65 மில்லிமீட்டர் வகை அறைக்குள்ளும், அழகாகப் போய்விடும். சுடும்போது விரிய இடமில்லாமல் வாய் குழல் குறுகும் இடத்தில் நெருக்கும், அழுத்தம் கூடும். நல்ல குழலிலேயே செய்யக் கூடாத காரியம். அவனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன், நீயும் ஒரு முறை சொல்.

புதுக் குழாய் செருகி மறுஜென்மம் கொடுக்க வழி இருக்கிறது. பழைய குழலைப் பின்வாய்க்குச் சற்று முன்னால் வெட்டி, புதிய குழாய்களை அதில் பொருத்துவார்கள். இங்கிலாந்தில் செய்தால் மறுபடியும் பரிசோதனைச் சாலைக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். அந்தச் செலவில் பிரகாஷ் நல்ல நிலையில் உள்ள வேறு துப்பாக்கியே வாங்கிவிடலாம். பன்றி வந்து செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்கிறது என்று அவன் புலம்புவது உண்மை, அவனுக்கு நம்பிச் சுடக்கூடிய துப்பாக்கி வேண்டும். அந்த வேலையை அப்பாவின் துப்பாக்கி மேல் சுமத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அப்படிச் செய்தாலும் மிஞ்சப்போவது அப்பாவின் கட்டையில் வேறு யாரோ செய்த குழல்.

கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்கட்டையின் முனையில், தோளில் படும் இடத்தில், உன் அப்பா தோட்டத்து ரப்பர் ஷீட்டை இரண்டு மடிப்பாக வெட்டி, பித்தளைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார். ஓரத்தைக் கத்தியால் சீவி, கட்டையின் வளைவுக்குச் சரியாகப் பொருத்தியிருக்கிறார். ரப்பர் கறுத்து இறுகிவிட்டது, ஷீட் உருளையின் வரிகள் மட்டும் அழியவில்லை. பிடியில் பெருவிரல் படும் இடத்தில் வெட்டுக்கோடுகள் மழமழவென்று தேய்ந்திருக்கின்றன. அவருடைய விரல் தேய்த்தது. மரவேலைக்காரரிடம் கொடுக்கும்போது இந்த இரண்டையும் தொடக் கூடாது என்று எழுதியே கொடு. சிலர் பழைய சாமான் என்றாலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்காது. வெடிப்புக்குள் பசை விட்டு இறுக்கினால் போதும். செம்புக் கம்பியும் அவர் சுற்றியதுதான் என்றால் அதையும் விட்டுவிடலாம். குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்ற வேண்டாம், எண்ணெயில் ஊறவைத்துச் செந்துருவை மெதுவாக எடுத்தால் சரி.

இப்போது சட்டம். கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து செந்தூல் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் கணேசா. சுட முடியாத துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். 1960 ஆயுதச் சட்டம் உதிரிப் பாகங்களையும் ஆயுதமாகவே பார்க்கிறது. லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1971 துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின்படி பதினான்கு வருடம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனை. கட்டையை மட்டும் கழற்றி எடுத்துவரலாம் என்று தோன்றும், அதையும் போலீஸிடம் எழுத்தில் கேட்காமல் செய்யாதே. பழுது பார்ப்பதும் லைசன்ஸ் உள்ள டீலர் மூலமாகத்தான் நடக்க வேண்டும். பிரகாஷ் அதைத் தன் லைசன்ஸில் தொடர்ந்து வைத்திருப்பானா, அல்லது புதியது வாங்கும்போது இதை ஒப்படைக்க வேண்டி வருமா என்று பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் பதில் தெரிந்த பிறகு கட்டை வேலைக்குப் பணம் கொடு.

இங்கே எல்லோரும் நலம். செல்வி முழங்கால் ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோலை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்கே போய் வருகிறாள். அவள் தம்பி பட்டர்வொர்த்தில் வீடு வாங்கியிருக்கிறான், கிரகப்பிரவேசம் தை மாதம். தைப்பூசத்துக்கு நீ வருவதாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம். கமலாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அப்புறம், அப்பா துப்பாக்கியோடு நிற்கும் போட்டோ ஒன்று உங்கள் பெரியக்கா வீட்டில் இருந்தது. கிடைத்தால் ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பு. அப்போதே பிடியில் செம்புக் கம்பி இருந்ததா என்று பார்த்தால், அதை விடுவதா எடுப்பதா என்று மரவேலைக்காரரிடம் உறுதியாகச் சொல்லலாம்.

அன்புடன்,
சந்திரன்