முடிவில்லாத காசு எனக்கு வேண்டாம், பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்றுக் கதைக்கும்போது "அந்த ஊர் கட்டுகிற விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும்போதே முடிவில்லாத காசு என்று ஒன்று இருக்கு அப்பா, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக விளையாடுங்கோவன்" என்று சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுக்க லைன் அறுந்துபோச்சு. ஃபோனில் சொல்லி முடிகிற விசயமும் இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

பேரன் எனக்கென்று விட்டுப்போன ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டு மெசின் இப்போது விறாந்தைச் சாய்மனைக்கதிரையோடு ஒட்டிவிட்டது. அதில் மற்ற விளையாட்டுகளும் கிடக்கின்றன, ஆனால் எனக்கு ஊர் கட்டுகிற சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் ஒன்றே போதும். எழுத்துத்தான் சின்னன். ஹோம் பட்டனை இரண்டு தரம் அமத்தினால் திரை பெருக்கிற மாதிரிச் செற்றிங்கில் வைத்துத் தந்தானே, அவன் நல்லாயிருக்க வேண்டும்.

வேலை செய்த காலம் முழுக்க நான் அளந்தது மற்றவர்கள் பிரித்து வைத்த காணியைத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் தமையன், அந்தப் பக்கம் தம்பி, நடுவில் பூவரசங்கதியாலை அரை அடி தள்ளி நட்டுவிட்டான் என்று வருசக்கணக்கில் வழக்கு, சங்கிலியோடு போய் நிற்கிற என்னை இரண்டு பேரும் சேர்ந்து முறைப்பார்கள். இந்த விளையாட்டில் கிடப்பது வெறுங்காணி. காணி உறுதி இல்லை, பழைய காணிப் பதிவான தோம்பு இல்லை, பங்காளி நான் இருக்க வெளி ஆளுக்கு எப்படி விற்பாய் என்று எங்கள் ஊர்ச் சட்டமான தேசவழமையைத் தூக்கிக்கொண்டு வரவும் ஆள் இல்லை. நான் கோடு கீறுகிற இடத்தில் றோட்டு விழுகிறது. அந்தச் சந்தோசத்தை உனக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இன்னொன்று கேள். றோட்டுப் போட்டவுடன் இரண்டு பக்கமும் சதுரக் கட்டங்கள் வரும், ஒரு கட்டம் 8 மீற்றருக்கு 8 மீற்றர், 64 சதுர மீற்றர். எங்கள் ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். நாலு கட்டத்தைக் கூட்டிப் பார், 256! அப்படியென்றால் நாலு கட்டம் ஒரு பரப்பு, ஆகப் பெரிய வீட்டுக்குக் கிடைக்கிற 16 கட்டம் நாலு பரப்பு. பின்லாந்தில் தம்பெரே என்ற ஊரில் இருந்து இதைச் செய்தவர்களுக்கு யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் எனக்குச் சரியான புழுகம். அம்மாவுக்கும் சொன்னேன், "அதுக்கு இப்ப என்ன" என்றா.

சரி, காசுக்கு வருகிறேன். தொடக்கத்தில் கையில் தருவது 70,000. பெரிய நெடுஞ்சாலையில் இருந்து ஒரு றோட்டை இழுத்து, மின்சாரத்துக்குக் காற்றாடி ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று, குடியிருக்கப் பச்சை, கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு மஞ்சள் என்று கொஞ்சம் கொஞ்சம் பூசி முடிய மிச்சம் கனக்க இராது. பிறகு சனம் வந்து வரி கட்டும்வரை இருந்து பார்க்க வேண்டும். அள்ள அள்ளக் காசு வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், முழுக் காணியையும் ஒரே நாளில் பச்சையடித்துவிடுவேன். அங்கேதான் வில்லங்கம். ஒரேயடியாகக் குடிவருகிற சனம் ஏறக்குறைய ஒரே வயதுச் சனம். எல்லாரும் ஒன்றாகக் கிழடாகி ஒன்றாகச் சாவார்கள், பிணம் எடுக்கிற வண்டிகள் நெரிசலில் மாட்டும், வீட்டுக்கு வீடு மண்டையோட்டுக் குறி ஏறும், கடைசியில் வீடுகளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நான் பத்து வீடு, பிறகு கொஞ்சம் விட்டுப் பத்து வீடு என்றுதான் திறக்கிறேன். புதைக்கிற மயானம் நிரம்பும், எரிக்கிற இடம் நிரம்பாது, ஆகவே எரிக்கிறதையே கட்டி அதற்கு எங்கள் யாழ்ப்பாணத்துச் சுடலையின் பெயரையே, கோம்பயன் மணல் என்று வைத்தேன். தமிழ் எழுத்து அதில் இல்லை, ஆங்கில எழுத்தில்தான். அம்மா பார்த்துவிட்டு, விடியக்காலமை பார்க்கிற பெயரா இது என்று பேசினா.

தண்ணீர் விசயத்தில் எங்கள் ஊர்ப் புத்தி உதவுகிறது. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கை ஆற்றைத் தவிர ஆறென்று ஒன்றைக் காணாமல் கிணற்றை நம்பி வளர்ந்தவன் நான். அதில் வடிவான ஆறு ஓடும், மேலே இறைக்கலாம், கீழே கழிவை விடலாம், ஆனால் இறைக்கிற பம்பு கூடிப்போனால் நீரோட்டமே திரும்பிக் கழிவு மேலே வந்து ஊரே நோயில் விழும். நான் நிலத்தடி நீர் எடுக்கிற தாங்கியைத்தான் விரும்புவது. தொழிற்சாலை மண்ணைக் கெடுத்தால் அந்தத் தண்ணீரும் கெடும், அதனால் தாங்கி ஒரு மூலை, தொழிற்சாலை மறு மூலை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே குடியிருக்கிறவனுக்கு, கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி வெட்டாதே என்பதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

எரிச்சல் தருவது வாகனங்கள். இதைச் செய்த கொம்பனி 2011 இல் பஸ், ட்ராம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைச் செய்துவிட்டுத்தான் 2015 இல் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தது, ஆகவே றோட்டு விசயத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை. மூன்று லேன் போட்டுக் கொடுத்தாலும், இடப்பக்கம் திரும்ப வேண்டிய அத்தனை பேரும் ஒரே லேனில் வால் பிடித்து நிற்பார்கள். ஆஸ்பத்திரி வீதியில் சைக்கிள் போகிற இடைவெளிக்குள் ஓட்டோவை விடுகிற எங்கள் ஆட்களை அங்கே இறக்கினால் பாதி நெரிசல் தீர்ந்துவிடும், மீதிப் பாதி வேறு விதமாக வரும். இப்போது நாற்சந்தியில் எல்லாம் சுற்றுவட்டம் போட்டு, லொறிகள் ஊருக்குள் நுழையத் தடை வைத்திருக்கிறேன். முதல் பஸ் வழிக்கு 750 என்று பெயர், யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்கு ஓடுகிற பஸ்ஸின் இலக்கம். ஏனென்று பருத்தித்துறைப் பக்கம் பெண் எடுத்த எனக்கு உன்னிடம் சொல்லத் தேவையில்லைத்தானே.

ஊர் பெருத்தால் அந்தச் சின்ன மெசின் மூச்சு வாங்குகிறது, படம் இழுபடுகிறது, பின்பக்கம் சுடுகிறது. கறண்ட் நின்றாலும் பற்றரியில் ஓடுகிறதே என்று பொறுத்துக்கொள்கிறேன்.

2018 இல் ஸ்விட்சுக்கு வந்தபோது பனி ஊர்களையும் சேர்த்தே தந்திருக்கிறார்கள். நீ இருக்கிற ரொறன்ரோவை நினைத்து அதிலும் ஒன்று தொடங்கினேன். குளிர் கூடக் கூட மின்சாரத்தை வீடுகள் குடிக்கிற குடி! கொதிகலன் கட்டி, தண்ணீர்க் குழாயோடு சூட்டுக் குழாயும் தாழ்த்தினால்தான் தப்பலாம். உங்கள் தெருவில் வழிக்கிற பனியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று மருமகனிடம் கேட்டு எழுது, என்னுடைய ஊரில் பனி கொட்டுகிற இடத்துக்குப் போகிற லொறிகளே றோட்டை அடைக்கின்றன.

பேரனிடம் சொல்லு, அவன் தொடங்கி வைத்த ஊரை நான் அழிக்கவில்லை. ஆனால் நாலு வீட்டுக்காக ஆற்றின் மேலே அவன் போட்ட ஆறு லேன் பாலத்தை மட்டும் எடுத்துவிட்டேன், பராமரிப்புச் செலவு தாங்காது.

இப்படிக்கு,
அப்பா