புனே ஊசியும் எங்கள் தெரு டேங்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் மலேரியா தடுப்பூசி பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. இந்தியாவில் தயாராகிறது, 75 சதவீதம் பலன் தருகிறது என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். அன்று காலை பத்து மணிக்கெல்லாம் எதிர்வீட்டு அம்மா அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "அக்கா, இது எங்க போடறாங்க? பேரனுக்குப் போட்டுடலாமா? காசு எவ்வளவு ஆகும்?"

என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. வடசென்னையில் 31 வருடம் ரத்த ஸ்லைடு பார்த்தவள் நான். காய்ச்சல் என்று வருகிறவர்களின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைக் கனமாகவும் இன்னொரு சொட்டை மெலிதாகவும் இழுத்து, காய வைத்து, ஜேஎஸ்பி சாயத்தில் முக்கி எடுத்து, எண்ணெய் லென்ஸுக்கு அடியில் வைத்துத் தேடுவதுதான் என் வேலை. ரிஜிஸ்டரில் இரண்டே விதமாக எழுதுவோம்: 'பிவி' அல்லது 'பிஎஃப்'. வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற இரண்டு வகை மலேரியாக் கிருமிகள். எங்கள் பகுதியில் பெரும்பாலும் பிவிதான். பிஎஃப் வந்தால் உடனே "எந்த ஊர், எப்போ ரயில் இறங்கினீங்க?" என்று கேட்போம். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்த பையனாக இருப்பான்.

உங்கள் செய்தியில் விட்டுப்போனது இந்த இரண்டெழுத்து வித்தியாசம்தான். அந்த ஊசி பிஎஃப்-க்கு மட்டும். பிவி-க்குக் கிடையாது. அதுவும் ஆப்பிரிக்காவில் ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட சின்னக் குழந்தைகளுக்காகச் செய்தது. நம் நாட்டுத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. எதிர்வீட்டுப் பேரனுக்கு ஆறு வயது. இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பேப்பரில் போட்டுவிட்டார்களே, அப்புறம் எப்படி இல்லை என்பது அவர் கேள்வி. அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

செய்தி பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் ஆர்21 என்ற ஊசியைத்தான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். 2023 ஏப்ரலில் முதலில் கானா நாடு அதற்கு அனுமதி கொடுத்தது. அந்த அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வருடத்துக்கு 10 கோடி டோஸ் தயாரிக்க முடியும் என்று சீரம் சொல்லியிருக்கிறது. ஒரு டோஸ் நான்கு டாலருக்குள். இதில் எனக்குப் பெருமை இல்லையென்று சொன்னால் பொய். 2023-ல் மட்டும் உலகத்தில் மலேரியாவில் இறந்தவர்கள் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர். நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் முக்கால்வாசி ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கான மருந்து நம் ஊரிலிருந்து போகிறது.

ஆனால் 75 சதவீதம் என்பது என்ன? நூறு பிள்ளைகளுக்குப் போட்டால் 75 பேருக்கு ஆயுசுக்கும் மலேரியா வராது என்று எதிர்வீட்டு அம்மா புரிந்துகொண்டார். யார் படித்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். விஷயம் வேறு. புர்கினா ஃபாஸோ, மாலி, கென்யா, தான்சானியா என்று நான்கு நாடுகளில் 4,800 பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த ஊசி, மற்றவர்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி. (அதுவாவது ஒரு பயன் இருக்கட்டும் என்றுதான். வெறும் தண்ணீர் போடாதது எனக்குப் பிடித்திருந்தது.) நானோரோ, பூகூனி போன்ற இடங்களில் மழைக்காலத்தில்தான் மலேரியா அடிக்கும். அங்கே மழை தொடங்குவதற்கு முன்பே மூன்று டோஸ் முடித்துவிட்டார்கள். அப்படிச் செய்த இடங்களில், அடுத்த 12 மாதத்தில் இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்கு மலேரியாக் காய்ச்சல் வருவது மற்றவர்களைவிட 75 சதவீதம் குறைந்தது. கிலிஃபி, பகமோயோ போல் வருடம் முழுக்க மலேரியா இருக்கும் இடங்களில் அதுவே 68. நாள் ஆக ஆக இந்தப் பாதுகாப்பு இறங்கும், அதனால் ஒரு வருடம் கழித்து நான்காவது டோஸ். இத்தனையும் அடங்கிய எண் அது. தலைப்பில் தனியாக நிற்க வைத்தால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

இதே எண் விவகாரத்தில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், எதிர்த்திசையில். ஆர்21-க்கு முன்னால் வந்த ஊசி ஆர்டிஎஸ்,எஸ். ஜிஎஸ்கே கம்பெனியும் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனமும் 1980-களிலேயே ஆரம்பித்த வேலை அது. 1997-ல் வந்த முடிவில், கிருமி ஏறிய கொசுக்களைத் தெரிந்தே கடிக்க விட்டுக்கொண்ட ஏழு பேரில் ஆறு பேருக்கு மலேரியா வரவில்லை. என்ன தைரியம் பாருங்கள். அப்புறம் ஆப்பிரிக்காவில் பதினைந்தாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளிடம் பெரிய சோதனை. நான்கு டோஸும் போட்டு நான்கு வருடம் பார்த்ததில் காய்ச்சல் குறைந்தது 36 சதவீதம்தான் என்று 2015-ல் வந்தது. லேப்பில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, "இதுக்குத்தானா முப்பது வருஷம்!" என்று சிரித்தேன்.

சிரித்தது தப்பு. 2019-லிருந்து அதே ஆர்டிஎஸ்,எஸ் ஊசியை மலாவி, கானா, கென்யா மூன்று நாடுகளிலும் வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போடும் வயதிலிருந்த பிள்ளைகளிடையே, எந்தக் காரணத்தால் என்று பிரிக்காமல் மொத்தச் சாவையே கணக்கெடுத்ததில், 13 சதவீதம் குறைந்திருந்தது. பேப்பரில் 13 சின்ன எண். லட்சக்கணக்கில் பிள்ளைகள் பிறக்கும் ஊரில் அது எத்தனை வீடு என்று யோசித்துப் பாருங்கள். 75-ஐப் பெரிதாகவும் 13-ஐச் சிறிதாகவும் பார்க்கிற கண் நமக்கு. இரண்டும் அளப்பது வேறு வேறு என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருக்கலாம்.

ஏன் இத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் இரண்டு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் ருசி. அம்மைக்கும் போலியோவுக்கும் காரணம் வைரஸ். இது ஒட்டுண்ணி, இடத்துக்கு இடம் வேஷம் மாற்றும். கொசு கடிக்கும்போது உள்ளே போவது சில பத்துகளிலிருந்து நூறு வரையான நூலிழைக் கிருமிகள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் அவை கல்லீரலுக்குள் புகுந்துவிடும். தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி அந்தக் கொஞ்ச நேரத்தில் அவற்றை மடக்க வேண்டும். ஒன்று தப்பி உள்ளே போனாலும், ஒரு வாரத்தில் அது ஆயிரக்கணக்கில் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். நாங்கள் லென்ஸில் பார்ப்பது அதற்குப் பிறகுதான், சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி. ஃபால்சிபாரம் முற்றினால் பிறை வடிவத்தில் ஒன்று தெரியும். முதன்முதலில் அதைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு அழகாக இருந்தது. அந்தப் பையன் பக்கத்து அறையில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தான்.

ஊசி செய்யும் முறையிலும் நமக்குப் பழக்கமான ஒரு பொருள் இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ்-பி ஊசியில் உள்ள வைரஸின் மேலுறைப் புரதத்தை எடுத்து, அதில் மலேரியாக் கிருமியின் மேல்தோல் புரதத்தில் ஒரு துண்டை ஒட்டி, ஈஸ்ட்டில் வளர்க்கிறார்கள். இரண்டு ஊசிக்கும் அடிப்படை அதுதான். உடம்பை உசுப்பிவிட இரண்டிலும் சேர்ப்பது சிலி நாட்டு மரப்பட்டை ஒன்றிலிருந்து எடுக்கும் நுரைக்கும் சத்து. நம் பூந்திக்கொட்டை நுரைக்கிறதே, அந்த வகைதான்.

சரி, நம்ம பிவி-க்கு எப்போ வரும்? எதிர்வீட்டு அம்மாவின் அடுத்த கேள்வி. டெல்லியில் ஐசிஜிஇபி ஆய்வு மையத்தில் உருவான ஒரு வைவாக்ஸ் ஊசியை இங்கிலாந்தில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்ததில், ரத்தத்தில் கிருமி பெருகும் வேகம் சுமார் பாதியாகக் குறைந்தது என்று 2023-ல் வந்தது. நல்ல தொடக்கம், அவ்வளவுதான். 2025 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அட்ஃபால்சிவாக்ஸ் என்ற ஒன்றை அறிவித்துத் தயாரிப்புக் கம்பெனிகளைக் கூப்பிட்டது. அதுவும் ஃபால்சிபாரத்துக்கு. அறிவித்த நேரத்தில் மனிதர்களிடம் சோதனை நடக்கவில்லை. அப்போதும் பல இடங்களில் "வந்துவிட்டது" என்றே தலைப்பு போட்டார்கள்.

வைவாக்ஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அது கல்லீரலில் பதுங்கித் தூங்கும். மாதக்கணக்கில் கழித்து எழுந்து வரும். 2009-ல் என் வீட்டுக்காரருக்கே பிவி. அதைத் தீர்க்க பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, ஆறாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார், என்னிடம் சொல்லாமல். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே நடுக்கம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஸ்லைடு பார்க்கிறவள் வீட்டிலேயே இந்த லட்சணம்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கனமான பூச்சில் நூறு ஃபீல்டு (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு) பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுத வேண்டும். ஒரு ஆடி மாதம், ஒரே நாளில் எண்பதுக்கு மேல் ஸ்லைடு. ஒன்றில் அறுபது ஃபீல்டோடு நிறுத்திவிட்டு நெகட்டிவ் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்த ஆள் வேறு இடத்தில் பிஎஃப் பாசிட்டிவ். பிழைத்துவிட்டார். பழைய ஸ்லைடை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். எழுபத்து இரண்டாவது ஃபீல்டில் இருந்தது. ஊசியின் நான்காவது டோஸ் பற்றி எனக்குக் கவலை வருவது இதனால்தான். மலாவியில் ஆர்டிஎஸ்,எஸ் ஊசியின் முதல் மூன்று டோஸ் 5, 6, 7-ஆம் மாதங்களில் வைத்தார்கள். நான்காவது 22-ஆம் மாதத்தில். பிள்ளை ஓடியாடுகிறது, காய்ச்சல் இல்லை, அம்மா வயல் வேலையை விட்டு இவ்வளவு தூரம் எதற்கு நடப்பாள்? கானாவில் இதை யோசித்து, நான்காவதை 18-ஆம் மாதத்துக்கு, மற்ற ஊசிகள் போடும் வேளைக்கு நகர்த்தினார்கள். யாரோ கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லித்தான் அது நடந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. நம் கிணறுகளிலும் மொட்டை மாடி டேங்க்குகளிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் கிராமத்துக் குட்டைகளில் வளர்பவை. இது ஊருக்குள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் வளரும். 2012-ல் ஜிபூட்டியில் மலேரியா 27 பேருக்கு. 2020-ல் அது 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான், கென்யா என்று பரவியிருக்கிறது. நம்மிடமிருந்து ஊசி போவதை எழுதினீர்கள். இந்தப் பக்கத்துக் கொசு அங்கே போனதை எழுதவில்லை.

அந்தக் கொசுவின் கதையைச் சொன்னபோதுதான் எதிர்வீட்டு அம்மா, "எங்க டேங்க் மூடி உடைஞ்சு கிடக்குதுக்கா" என்றார். மேலே போய்ப் பார்த்தோம். பாதி மூடி, அதன் மேல் ஒரு செங்கல். டார்ச் அடித்ததும் ஓரமாக நாலைந்து புழுக்கள் தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தன. டெங்குக் கொசுப் புழு என்றால் தலைகீழாகத் தொங்கும். இது படுத்தே இருக்கும். அவர் மகன் அன்று சாயங்காலமே டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் புது மூடி வாங்கி வந்தார். அளவு சேரவில்லை. மாற்றி வருவதாகப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
வியாசர்பாடி, சென்னை.