எண்ணெத் துணிய சுருட்டி வைக்காத

பாப்பா,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற, மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு ஒரு கட்டவிரல் வருது, அதான் உக்காந்து மொத்தமா டைப் பண்றேன், எழுத்துல தப்பு இருந்தா கண்டுக்காத, கண்ணாடி பவர் மாத்தணும். நீ ஸ்டேட்டஸ்ல வச்ச போட்டோவுல நீ வரைஞ்ச படத்த நான் அப்புறமாத்தான் பாத்தேன். பின்னாடி மூலையில துணி குவியலா கெடக்குதே, அதுல தான் கண்ணு போச்சு. பெயிண்ட்ல கலக்குற லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெ, அத தொடச்ச துணி தானே? அப்பிடி சுருட்டிப் போடாதம்மா. அந்த எண்ணெ காயும்போது காத்த இழுத்து சூடாகும், விரிச்சுப் போட்டா சூடு வெளிய போயிரும், குவிச்சு வச்சா உள்ளயே தங்கித் தங்கி தீக்குச்சி இல்லாமயே பத்திக்கும். நாங்க சினிமா பேனர் வரைஞ்ச கொட்டகையில ராத்திரி புகை வந்த கதைய பெரியப்பா சொல்லுவாரே, சிகரெட்டுன்னு எல்லாரும் ஒருத்தன புடிச்சு அடிச்சாங்களே, அது இதுதான். பால்கனில ஒத்தையா விரிச்சுக் காயப்போடு, இல்ல மூடி போட்ட தகர டப்பால தண்ணி ஊத்தி முக்கி வை.

நீ அனுப்புன பெயிண்டிங் பாட வீடியோல அந்த சுருட்டை முடிக்காரன் எவ்ளோ நேரம் பேசுறான், துணியால தொடைங்க தொடைங்கன்னு சொல்றானே தவிர அந்தத் துணிய என்ன பண்றதுன்னு ஒரு வார்த்த இல்ல. பெயிண்ட் இளக்குற டர்பன்டைனுக்கு பதிலா வாசனை இல்லாத தின்னர் வாங்குங்க, அது சேஃப்னு வேற சொல்றான். வாசனை இல்லேன்னா ஆவி வராதா? மூக்குக்குத் தெரியாம வரும், அவ்வளவுதான். அந்த ரூம்ல ஒரே ஒரு ஜன்னல், அதையும் கொசுன்னு மூடி வச்சிருப்ப. திற.

நீ அனுப்புன எல்லாத்தையும் பாத்தேன், உங்கம்மா சீரியல் பாக்குற நேரத்துல. கருப்பு பெயிண்ட் டியூப் வாங்கவே கூடாதுன்னு ஒருத்தன் சொல்றான்ல. நீ வாங்கிக் குடுத்த தடி புக்குல அந்தக் காலத்து டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் படத்த தொறந்து பாரு, எலும்பக் கரியாக்கி அரச்ச கருப்பு. ஸ்வீடன்ல ஆண்டர்ஸ் சோர்ன்னு ஒரு ஓவியர், வெள்ளை, கருப்பு, காவி மஞ்சள், சிவப்பு, இந்த நாலையே வச்சு மனுசத் தோலு அப்பிடி உயிரா போட்டிருக்கார். கருப்புல மஞ்சள் கலந்தா பச்சை வரும்னு நான் காட்டுனப்ப ஸ்கூல் யூனிஃபார்ம்ல பூசிட்டு வந்து நின்னியே, அது தான். அவன் சொல்றது முழுப் பொய்யும் இல்ல. நிழல்னாலே கண்ண மூடிட்டு கருப்ப அப்புறவன் இருக்கான் பாரு, அவனுக்கு சொல்ற பேச்சு அது. உனக்கில்ல. முன்னாடி உக்காந்திருக்கவன் கை எப்பிடின்னு பாத்து தான் வாத்தியார் பேசுவாரு, இவன் யாரப் பாத்துப் பேசுறான், கேமராவப் பாத்து.

கட்டம் போட்டு வரையுறது ஏமாத்து வேலைன்னு இன்னொருத்தன் சொல்றான். அத என்னய பாத்து சிரிச்சுக்கிட்டே தான் அனுப்புனியா? நான் பேனர் வரைஞ்சது அப்பிடித்தான், சினிமா ஸ்டில் போட்டோல பென்சில் கட்டம், துணியில நூலு புடிச்சு கட்டம், ரெண்டாள் உயர மூஞ்சி, அதுல தான் நீ இஞ்சினீரிங் படிச்ச. கட்டம் மூக்கு எங்க வரணும்னு சொல்லும், கண்ணுல பார்வைய அது குடுக்காது, அது கை தான் குடுக்கணும். ரவிவர்மாவே போட்டோவ வச்சும் வரைஞ்சிருக்கார்.

அவர் கதை தெரியும்ல? எண்ணெ வர்ணம் கத்துக் குடுங்கன்னு திருவிதாங்கூர் அரண்மனையில ஓவியரா இருந்த நம்ம மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர்ட்ட கேட்டதுக்கு முடியாதுன்னுட்டாராம், சிஷ்யன் ஆறுமுகம் பிள்ளை தான் ராத்திரில திருட்டுத்தனமா சொல்லிக் குடுத்தார்னு சொல்லுவாங்க. 1868ல ஜென்சன்னு ஒரு வெள்ளக்கார ஓவியர் திருவனந்தபுரம் வந்தார், அவரும் கத்துத் தரல, நான் வரையுறப்ப வேணா நின்னு பாத்துக்கன்னார். எங்க கம்பெனிலயும் அதே கதை தான், பிரஷ் கழுவவே வருசக்கணக்கு. அன்னைக்கு ஒருத்தனும் வாயத் தொறக்கல, இன்னைக்கு அத்தன பேரும் வாய மூடல. உனக்கு எது கஷ்டம்னு எனக்கே சந்தேகமா தான் இருக்கு.

விலை கூடின பெயிண்ட் தான் நிக்கும்கறதையும் அப்பிடியே நம்பாத. டியூப் பின்னாடி பொடி எழுத்துல உள்ள என்ன நிறப்பொடின்னு ஒரு நம்பர் இருக்கும், லென்ஸ் வச்சுப் படி. பி.ஆர். 83ன்னு (PR 83) இருந்தா அது பழைய அலிசரின் கிரிம்சன்னு ஒரு அடர் சிவப்பு, எந்தக் கம்பெனி போட்டாலும் வெயில்ல வெளுக்கும், வெள்ளை கலந்து ரோஸ் ஆக்குனா இன்னும் சீக்கிரம். பி.பி. 29 (PB 29) அல்ட்ராமரைன் நீலம், வெயிலுக்கு நிக்கும். நம்பலேன்னா ஒரு அட்டையில ரெண்டையும் பூசி பாதிய கருப்புப் பேப்பரால மூடி தெக்கு ஜன்னல்ல ஒட்டி வை, மழைக்காலம் வரைக்கும் எடுக்காத. கீழவாசல்ல நான் எழுதுன கடை போர்டுல சிவப்பு எழுத்து எல்லாம் போயிருச்சு, நீலம் அப்பிடியே நிக்குது, போறப்ப வாரப்ப பாக்கேன்.

அந்தக் கிழவி படம் நல்லாருக்கு. கழுத்து மடிப்பு உங்க அப்பத்தா தான். நான் யார்ட்டயும் இத சொல்றதில்ல, டீக்கடையில மட்டும் காட்டுனேன். ஆனா காது கொஞ்சம் கீழ இறங்கிருச்சு, அவசரம்.

கடைசியா ஒன்னு அனுப்புனியே, வேலைய விட்டு முழுசா இறங்குனாத்தான் ஆர்ட்டிஸ்ட், ஒரு கால் ஆபீஸ்ல வச்சவன் ஜெயிக்க மாட்டான்னு. அத மட்டும் திரும்பத் திரும்பப் பாத்தேன். அவன் பின்னாடி சுவத்துல ஒரு படம் கூட இல்ல, கவனிச்சியா? முடிக்கிறப்ப கோர்ஸ் ஃபீஸ் சொல்றான். அவன் படம் வித்து சாப்பிடல பாப்பா, படம் வரைய ஆசப்படுறவங்கள வச்சு சாப்பிடுறான். அவன் பொழப்பு, நான் குத்தம் சொல்லல. ஆனா பிளெக்ஸ் வந்தப்ப முழுசா இறங்கி நின்னவங்கெல்லாம் என்ன ஆனாங்கன்னு அவனுக்கு யாரும் சொல்லல போல. உனக்குத் தெரியும்.

சித்தி பையன் செவ்வாக்கிழமை பகல்ல உன்ன அங்க ஏதோ பேப்பர் கடையில பாத்தேன்னு சொன்னான். லீவு போட்டிருப்பான்னு உங்கம்மாட்ட சொல்லி வச்சிருக்கேன், அவளும் நம்புன மாதிரி இருந்தா. துணிய விரிச்சுப் போட்டியான்னு மட்டும் ஒரு வரி போடு.

மாசாமாசம் அம்மா அக்கவுண்ட்டுக்குப் போடுவியே, அத கொஞ்ச நாளைக்குப் போட வேணாம். ஒரு கோயில் சுவர் வேலை வந்திருக்கு, முழுக்க கையால தான் எழுதணும்னு கேக்குறாங்க, அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. அம்மாட்ட நான் பேசிக்கிறேன்.

அப்பா