பாப்பாவுக்கு: எந்த டிரைவ் எடுக்கலாம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கோட்டேஷனையும் பார்த்தேன். வண்டியும் எஞ்சினும் ஒன்றேதான். ஒன்று ஃப்ரண்ட் வீல் டிரைவ் (எஞ்சின் விசை முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும்), இன்னொன்று ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும்). "பாதுகாப்புக்கு ஆல் வீல் டிரைவே எடுத்துடட்டுமாப்பா" என்று கேட்டிருந்தாய். பாதுகாப்பை நினைத்து அதை எடுக்க வேண்டாம். எடுக்க வேறு காரணம் இருந்தால் எடு.

நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்புவதும் மேடு ஏறுவதும் சுலபம். ஆனால் பிரேக் எந்த வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும் இருக்கிறது. வழுக்கும் ரோட்டில் நிற்பதும் வளைவில் திரும்புவதும் டயரின் பிடிப்பைப் பொறுத்தது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் மிதந்துவிட்டால் எந்த டிரைவாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. ஃப்ரண்ட் வீல் வண்டி கிளம்பும்போதே சக்கரம் சுற்றி, ரோடு வழுக்குகிறது என்று உனக்குக் காட்டிவிடும். ஆல் வீல் வண்டி சத்தமில்லாமல் கிளம்பிவிடும். பிரேக்கை மிதிக்கும்போதுதான் வழுக்கல் தெரியும், அப்போது வேகம் கூடியிருக்கும்.

ஆல் வீல் எப்போது உண்மையிலேயே வேண்டும்? செங்குத்தான மண், சரளை ஏற்றம் வாரத்துக்கு ஒருமுறையாவது இருந்தால் வேண்டும். ஃப்ரண்ட் வீல் வண்டியின் எடையில் ஏறக்குறைய 60% முன்பக்கம் இருப்பதால் சமதளத்தில் பிடிப்புக்குக் குறையில்லை. ஏற்றத்தில், அதுவும் பின்னால் ஆளும் சாமானும் ஏற்றியிருந்தால், எடை பின்னுக்குப் போய்விடும். முன் சக்கரம் சரளையை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். டிரெய்லர் இழுத்தாலும் இதே கதைதான். பனி கொட்டும் ஊரில், தினமும் மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தாலும் ஆல் வீல் உதவும்.

கிராஸோவரில், அதாவது காரின் அடித்தளத்தில் கட்டிய உயரமான வண்டியில், வரும் ஆல் வீல் பெரும்பாலும் ஜீப் மாதிரியான ஃபோர் வீல் டிரைவ் இல்லை. கியர்பாக்ஸ் பக்கத்தில் விசையைப் பின்னுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு டிரான்ஸ்ஃபர் யூனிட், அங்கிருந்து பின்னால் போகும் ஒரு ஷாஃப்ட் (சுழலும் தண்டு), பின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) முன்னால் ஒரு கிளட்ச். சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரமே இழுக்கும். தேவைப்படும்போது அந்தக் கிளட்ச் இறுகிப் பின் சக்கரத்துக்கும் விசை போகும். ஆழமான மணலில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்தால் கிளட்ச் சூடேறி, வண்டி தானாகவே பின் இழுவையைத் துண்டித்துவிடும். பின் இழுவையை விடாமல் பிடித்துவைக்கும் லாக் பட்டன் இருந்தாலும் பல மாடல்களில் குறைந்த வேகத்தில் மட்டுமே வேலை செய்யும். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதையும் மறக்காதே. அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிட்டால் எத்தனை சக்கரம் இழுத்தும் பயனில்லை.

விற்பவர்கள் சொல்லாத செலவு டயரில் இருக்கிறது. சுமார் 700 மி.மீ. விட்டமுள்ள டயரை எடுத்துக்கொள். புது டயரின் மேற்பரப்பில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ. இருக்கும். முன் டயர் இரண்டும் 4 மி.மீ. தேய்ந்த நிலையில் பின்னால் மட்டும் புதுசு போட்டாய் என்று வை. முன் டயரின் விட்டம் 8 மி.மீ. குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது பின் டயரைவிட ஏறக்குறைய 5 சுற்று கூடுதலாகச் சுற்றும். ஃப்ரண்ட் வீல் வண்டியில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆல் வீலில் அந்த வித்தியாசத்தை பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னாலுள்ள அந்தக் கிளட்ச் வழுக்கி வழுக்கியே சமாளிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் சூடாகித் தீய்ந்துபோகும். அதனால் நாலு டயரும் ஒரே மேக், ஒரே மாடலாக இருக்க வேண்டும். தேய்மான வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் போக விடாதே. உன் வண்டியின் மேனுவல் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே பின்பற்று. பாதி தேய்ந்த நேரத்தில் ஒரு டயரின் பக்கவாட்டு கிழிந்தால் நாலையும் மாற்ற வேண்டி வரலாம்.

பராமரிப்பிலும் இரண்டு மூன்று ஆயில் கூடும்: டிரான்ஸ்ஃபர் யூனிட், பின் டிஃபரன்ஷியல், சிலவற்றில் கிளட்சுக்குத் தனி ஆயில். டிரான்ஸ்ஃபர் யூனிட்டில் ஆயில் கொஞ்சம்தான் பிடிக்கும். பல வண்டிகளில் அது சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆயில் சீக்கிரம் கருகிவிடும். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொன்னாலும் 50,000 கி.மீ.யில் ஒருமுறை இறக்கிப் பார்க்கச் சொல். எடையும் 50 முதல் 80 கிலோ கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். வண்டி நின்றுபோனால் முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போக விடாதே. பின் சக்கரம் உருண்டால் ஷாஃப்டும் கிளட்சும் சேர்ந்து சுழன்று பழுதாகும். வண்டியை முழுக்கத் தூக்கி வைத்துப் போகும் பிளாட்பெட் லாரியில் ஏற்றத்தான் வேண்டும்.

உன் ஓட்டம் முக்கால்வாசி தார் ரோடு என்று நீயே எழுதியிருக்கிறாய். ஃப்ரண்ட் வீலை எடு, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடு என்பதுதான் என் அபிப்பிராயம். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்கள் இருந்தால், மலைச் சிகரத்துக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரை உள்ள குளிர்கால டயர் நாலு வாங்கு. முன்னால் மட்டும் இரண்டு போட்டால் வளைவில் வண்டியின் பின்பக்கம் வீசிவிடும்.

பழைய ஆல் வீல் வண்டி ஒன்றையும் பார்ப்பதாகச் சொன்னாயே, அதைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதே. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடானதும், காய்ந்த காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடி. இரண்டு பக்கமும் செய். பின்னால் விட்டுவிட்டு இழுப்பதுபோல் அதிர்ந்தாலோ, முனகல் கேட்டாலோ கிளட்ச் அல்லது ஆயில் போயிருக்கிறது என்று சந்தேகப்படு. பிறகு லிஃப்டில் ஏற்றி, டிரான்ஸ்ஃபர் யூனிட்டைச் சுற்றியும் பின் டிஃபரன்ஷியல் சீல்களிலும் ஆயில் கசிவு இருக்கிறதா பார். நாலு டயரின் பக்கவாட்டையும் படம் எடுத்து, பள்ளத்தின் அளவையும் எழுதி எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு அன்றைக்கே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா