பட்டன் இருக்கட்டும், கைப்பிடியும் வேண்டும்

சிங்கப்பூரில் கார்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மின்விசையில் திறக்கும் கார்க் கதவுகளைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. என் அம்மாவுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு மதியம் தேக்காவிலிருந்து வாடகை மின்காரில் யீஷூனுக்குத் திரும்பினோம். புளோக்கின் கீழே நிறுத்தி, ஓட்டுநரும் நானும் சக்கர நாற்காலியை எடுக்க இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் காரில் ஒரு விளக்கும் இல்லை. வெளிக் கைப்பிடிகள் கதவோடு கதவாக ஒட்டிக் கிடந்தன. உள்ளே அம்மா பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எழுபது விழுக்காடு சார்ஜ் இருக்கே!" என்றார் ஓட்டுநர், பாவம். காரை ஓட்டுவது பெரிய பேட்டரி. கதவைத் திறப்பதோ 12 வோல்ட் குட்டி பேட்டரி. அது படுத்துவிட்டது.

ஓட்டுநர் கைப்பேசியில் கையேட்டைத் தேடினார். நான் கண்ணாடி வழியே கத்தினேன்: "கதவுப் பைக்குள்ள ரப்பர் விரிப்பு இருக்காம், தூக்குங்கம்மா!" காது மந்தமான அம்மா, பூப்பொட்டலத்தைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து அதைத் தூக்கிக் காட்டினார். விரிப்புக்கு அடியில் ஒரு மூடி, மூடிக்குள் ஒரு கம்பி. மூட்டுவாத விரல் அதற்குள் நுழையவில்லை. கடைசியில் கொண்டை ஊசியை மாட்டி இழுத்தார். பதினான்கு நிமிடம், உச்சி வெயிலில், ஏர்கான் இல்லாமல். தீப்பிடித்த காரில் யார் விரிப்பைத் தூக்கி மூடியைத் தேடுவார்கள்?

எனவே கேட்கிறேன்: பின்கதவு உட்பட ஒவ்வொரு கதவிலும், மின்சாரம் இல்லாமலே திறக்கிற, கண்ணுக்குத் தெரிகிற கைப்பிடி இருந்தால்தான் அனுமதி என்று சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கதவு திறக்காத புகார்கள் வந்ததால், 2025 செப்டம்பரில் ஒரே வகையைச் சேர்ந்த சுமார் 174,000 கார்களை விசாரிக்கத் தொடங்கினார்கள். சீனாவில் 2027 ஜனவரி 1 முதல், புதிதாக அனுமதி பெறும் கார் வகைகளின் கதவுகளுக்கு உள்ளும் புறமும் மின்சாரமின்றித் திறக்கும் வசதி கட்டாயம். இங்கே ஓடும் மின்கார்களில் பல அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே விற்க முடியாதவை இங்கே வந்து இறங்க வேண்டாமே.

கார் வைத்துக்கொள்ள இங்கே வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் போன காலத்தைப் பார்த்துவிட்டோம். அந்தக் காசுக்குக் கதவு திறக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசையா? திரையில் பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் வருகிறது, இறங்கத்தான் வழியில்லை. மன்னிக்கவும், சற்றுச் சூடாகிவிட்டேன்.

ஏற்கெனவே ஓடும் வாடகைக் கார்களிலாவது, கம்பி எங்கே இருக்கிறது என்று நான்கு மொழிகளிலும் ஒரு ஒட்டுவில்லை ஒட்டச் சொல்லுங்கள். புதிய கார்களுக்குக் கைப்பிடி. தயவுசெய்து இதைப் பரிசீலியுங்கள்.

அம்மா இப்போது எந்தக் காரில் ஏறினாலும், "தம்பி, இது எப்படித் திறக்கும்?" என்று கேட்டு, ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் உட்காருகிறார்.

இப்படிக்கு,
யீஷூன்வாசி ஒருவர்