பச்சோந்திக்கு எதற்கு ஒட்டும் கால்?

அன்புள்ள குமரா,

சுவரில் ஏறி நிறம் மாறும் பச்சோந்தியை வரைந்து நீ அனுப்பிய பெயின்ட் விளம்பரத்தைப் பார்த்தேன். போனில் "நல்லா இருக்குடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 25 வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவளால் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? உன் டைரக்டரிடம் காட்டாதே, நீ மட்டும் படி.

கண்களைப் பிரமாதமாகப் பிடித்திருக்கிறாய். ஒரு கண் மேலே, இன்னொன்று பின்னால் என்று சுழல்வதை யாரும் வரைந்துவிடுவார்கள். பூச்சியைக் குறிவைக்கும் நேரத்தில் இரண்டும் முன்னால் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும் என்பதை நீதான் கவனித்திருக்கிறாய். நாக்கும் சரி. வாலை விட்டுவிட்டு அளந்தால், உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு நாக்கு நீட்டும் இனங்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் கார்ட்டூன்காரர்கள் பெரிதாக மிகைப்படுத்தவில்லை.

கால்தான் தப்பு. பல்லிக்குப் போல ஐந்து விரலையும் விரித்துச் சுவரில் ஒட்டவைத்திருக்கிறாய். பச்சோந்திக்கு விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்திருக்கும். முன்னங்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு; பின்னங்காலில் அப்படியே தலைகீழ். குச்சியை இடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்க வந்த கால் அது. வழவழப்பான சுவரில் ஏறச் சொன்னால் சறுக்கித்தான் விழும். பெயின்ட் விளம்பரத்துக்கு இது சங்கடமான செய்திதான், தெரியும்.

அப்புறம் நிறம். சிவப்புச் சுவர் வந்தால் சிவப்பு, நீலம் வந்தால் நீலம். இதை எத்தனை தடவை பார்த்தாயிற்று! கூலிங் கிளாஸ் ஒவ்வொன்றாக மாற்றிவைக்க, தொட்ட நிறத்துக்கெல்லாம் ஒரு பச்சோந்தி மாறுகிற வீடியோவை உன் மாமா "இயற்கையின் அதிசயம்" என்று அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? அது கூலிங் கிளாஸ் விற்க எடுத்த விளம்பரம். இன்னமும் நிஜம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. 2010-இல் வந்த 'டாங்கிள்ட்' கார்ட்டூன் படத்தில் வரும் பாஸ்கல் என்ற பச்சோந்தியும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. எனக்கு அதைப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

உண்மையில் நிறம் சுவரிலிருந்து வருவதில்லை, உள்ளேயிருந்து வருகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் பாந்தர் என்ற வகைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பியனுப்பும். அதோடு தோலிலிருக்கும் மஞ்சள் நிறமி சேர, நமக்குப் பச்சையாகத் தெரியும். எதிரியையோ துணையையோ கண்டு கிளர்ச்சியடைந்தால் இடைவெளி கூடும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். வண்ணத்தோடு பிழைக்கிற உனக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும்.

சண்டையில் பார்க்க வேண்டும் அதை. இரண்டு ஆண்கள் எதிரெதிரே நின்றால் உடம்பு பளிச்சென்று ஆகும். தோற்றது கருத்துப்போய் "விட்டுவிடு" என்று சொல்லும். உதடு அசையாது, புருவம் கிடையாது, குரலும் இல்லை என்றே சொல்லலாம். அந்தத் தோல்தான் அதற்கு முகம். கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுகிறோமே, மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணியடா அது!

ஒளிவதற்கு நிறம் உதவுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் குட்டைப் பச்சோந்தி ஒன்று பறவைக்கு ஒரு விதமாகவும் பாம்புக்கு வேறு விதமாகவும் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. ஆனால் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் பூப்போட்ட பச்சோந்தி கிடையாது.

பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட பச்சோந்தியின் கதையான 'ராங்கோ' படம் வந்தபோது "பாலைவனத்தில் ஏதம்மா பச்சோந்தி?" என்று கேட்டாய். அப்போது சொல்லத் தோன்றவில்லை. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒன்று இருக்கிறது. காலைக் குளிரில் கருப்பாகி வெயிலை வாங்கிக்கொள்ளும், உச்சி வெயிலில் வெளிறிவிடும். அதற்கு நிறம் போர்வையும் குடையும்.

இப்போது உன் விளம்பரம். சுவரில் ஏற்றாதே, அறை மூலையில் ஒரு செடி வைத்து, கிளையில் உட்காரவை. விடியும்போது மங்கலாக, கருத்து இருக்கட்டும். புதுச் சுவரில் வெயில் விழ விழ உடம்பும் வெளுக்கட்டும். அப்புறம் எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை வை. தன் உருவத்தைப் பார்த்து வேறொரு ஆண் வந்துவிட்டான் என்று உடம்பை உப்பவைத்துப் பளிச்சென்று எரியும். நிஜப் பச்சோந்தி அதைச் செய்யும். சிரிப்பும் வரும், வண்ணமும் கிடைக்கும்.

டைரக்டர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றால் விடு, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆனால் கடைசி ஷாட்டில் கதவிடுக்கில் வால் அறுந்து புது நிறத்தில் முளைக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடு. பச்சோந்திக்கு வால் திரும்ப முளைக்காது, கண்ணா.

அன்புடன்,
அம்மா